ஜி. என். இராமச்சந்திரனார் சரிதம்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடுந் தொழிலால் ஜீவிக்கும் குடும்பங்கள் பல. அத்தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். வேலூர் வைத்தியசாலைகளை நாடிவரும் நோயாளரின் உடலை அறுக்காமலே அதன் உள்ளுருவைக் காட்டுவது சி.டி. ஸ்கான் என்னும் யந்திரம். தொடர்பற்றனவாய்த் தோன்றும் இவ்விரண்டிலும் நுழைந்து உண்மை கண்டவர் ஒருவர் உளர், அவரே ஜி. என். இராமச்சந்திரனார். அவர்தம் சரிதத்தை நம் மாணவ நண்பர்கள் அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

இவர் 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்திற் பிறந்தார். திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் மின்சாரப் பொறியியல் கற்கப் புகுந்தார். ஸர் சி. வி. இராமனது தொடர்பு இவரை மீண்டும் பௌதிகத்திற்கே ஈர்த்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகத் துறைத் தலைவரானார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் கொலாஜன். அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு உதவிற்று. கோபிநாத் கார்த்தாவுடன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, அப்புரதம் மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றதென 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார்.

பின்னர் 1971-ல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் வெளியிட்டதே மருத்துவர்க்குப் பெரிதும் பயன்பட்ட கணிதம். எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. முன்னும் பின்னுமுள்ள உறுப்புகள் அதில் ஒன்றன்மேலொன்றாய்ப் படியும். பல திசைகளினின்று நிழலெடுத்து, அவற்றை வந்த வழியே திரும்பப் பரப்பிக் கூட்டினால் உருவம் தோன்றும். ஆயின் மங்கித் தோன்றும். பரப்புமுன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியாற் செப்பனிட்டால் மங்கல் நீங்கும். இங்ஙனம் பெற்ற தளங்களை அடுக்கினால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடைய உருவம் கிடைக்கும். இதையொத்த வழியை வானநூலில் பிரேஸ்வெல், ரிடில் என்போர் 1967-லேயே காட்டியிருந்தனர். எக்ஸ் கதிர்ப் படங்களுக்கு அதனை எளிதாக்கி, கணிப்பொறியின் உழைப்பையும் வெகுவாய்க் குறைத்தது இவ்விருவர் முறை.

அதே 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு தம் யந்திரத்தால் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். 1979-ம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் கார்மக்குக்கும் கிடைத்தது. இராமச்சந்திரனார்க்கு அப்பரிசு வாய்க்கவில்லை. எனினும் ராம்-லாக் என இருவர் பெயராலும் வழங்கும் வடிகட்டி உலகெங்கும் நெடுங்காலம் அவ்யந்திரங்களிற் பயின்று வந்துளது. 1977-ல் லண்டன் ராயல் சொஸைட்டி இவரை அங்கத்தினராக்கிற்று. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையிற் காலமானார்.

ஸ்கான் யந்திரம் எதனையும் இவர் அமைத்தாரல்லர். தாளும் கணிதமுமே இவர்தம் கருவிகள். கருவியில்லையே என்று சோர்வுறும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. இவர் பெயரறியாத எத்தனையோ நோயாளர் இவர் கணிதத்தாற் பயனுற்றனர். பரிசினும் பெரிது அப்பயனே என்பது நம் கருத்து.