கடலடியில் ஒரு வானியலறிஞர்

வானத்தை அளந்தவர் என்று உலகம் போற்றும் அறிஞர்களுள் எட்மண்ட் ஹாலி ஒருவர். ஏறத்தாழ எழுபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றும் பெரிய வால்மீன் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆனால், இரவெல்லாம் அண்ணாந்து விண்மீன்களை நோக்கிய அப்பெரியார், கடலின் அடியில் இறங்கி ஆங்கு மூழ்கிக் கிடந்த கப்பலின் சரக்கை மீட்கும் பணியிலும் ஈடுபட்டவர் என்பதைப் பலர் அறியார். மக்கள் நீருக்கடியில் நெடுநேரம் உயிர்த்திருக்க வழி கண்ட அவரது வரலாறு அறிந்து மகிழத்தக்கது.

ஹாலி 1656ஆம் ஆண்டு இலண்டன் மாநகரை அடுத்த ஹாகர்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சவர்க்காரம் செய்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். மைந்தரின் கல்விக்கு வேண்டியவற்றைக் குறைவின்றி அளித்தார். இலண்டனில் தூய பவுல் பள்ளியிற் பயின்ற ஹாலி, 1673ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அந்நாளில் ஐரோப்பிய அறிஞர்கள் வடவானத்து விண்மீன்களையே நுணுகி ஆராய்ந்திருந்தனர். தென்வானத்து விண்மீன்களைத் தொலைநோக்கியால் அளந்து பட்டியல் செய்தார் எவருமிலர். அப்பணியைத் தாம் செய்தல் வேண்டும் என்னும் வேட்கை ஹாலியின் உள்ளத்தில் எழுந்தது. பட்டம் பெறும்வரை காத்திராமல், 1676ஆம் ஆண்டில், தம் இருபதாம் அகவையில், தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவிலுள்ள செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கப்பலேறினார். மேகம் மூடிய இரவுகள் அவரைப் பெரிதும் வருத்தின. எனினும் மனந்தளராது முயன்று, 341 விண்மீன்களின் இருப்பிடங்களைக் குறித்துக்கொண்டு தாயகம் மீண்டார். அரசரின் ஆணைப்படி பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. இராயல் சங்கம் என்னும் அறிவியல் அவை, 1678ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதினராகிய அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பிறர் அறிவைப் போற்றும் பெருந்தன்மையும் ஹாலியிடம் நிறைந்திருந்தது. 1684ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனைக் கண்டார். கோள்களின் இயக்கத்தைப் பற்றி நியூட்டன் கண்டறிந்தவை வெளிவராமலே கிடத்தலை உணர்ந்து, அவற்றை நூலாக எழுதுமாறு இடைவிடாது தூண்டினார். நூல் நிறைவுற்ற வேளையில், இராயல் சங்கம் தன் பணத்தையெல்லாம் மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை அச்சிடுவதில் செலவிட்டிருந்தது. ஆகவே, ஹாலி தம் கைப்பொருளைக் கொண்டே 1687ஆம் ஆண்டில் நியூட்டனின் நூலை வெளியிட்டார். உலகின் தலைசிறந்த அறிவியல் நூல்களுள் ஒன்று இங்ஙனம் ஒளி கண்டது.

1691ஆம் ஆண்டையொட்டி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பொன்னும் யானைத்தந்தமும் ஏற்றிவந்த கினி என்னும் கப்பல், இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ் பகுதியிலுள்ள பேகம் என்னும் ஊருக்கருகே மூழ்கியது. அக்கப்பல் இராயல் ஆப்பிரிக்க வணிகக் குழுவுக்கு உரியது. பொன்னோடும் தந்தத்தோடும் மக்களையும் அடிமைகளாக விற்று வந்த அக்குழுவின் வாணிகம் இன்று எவராலும் பழிக்கப்படுவது. கடலடியிற் சேர்ந்த அதன் சரக்கை மேலே கொணரும் முயற்சியில் ஹாலி ஈடுபட்டார்.

அக்காலத்தில் முத்தும் கடற்பஞ்சும் எடுப்போர் மூச்சை அடக்கியே மூழ்கினர். எத்துணை வல்லவராயினும் அவர் நீரினுள் இருக்கக்கூடிய நேரம் மிகச் சிறிதே. உடைந்த கப்பலின் பலகைகளை நீக்கி, உள்ளே புகுந்து, பொருளைத் தேடிக் கட்டித் தூக்குதற்கு அந்நேரம் போதாது. வெறுங்கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து நீரில் நேரே அமிழ்த்தினால், அதனுள் இருக்கும் காற்று வெளியேறாது தங்கும். இவ்வுண்மையைக் கொண்டு மூழ்குமணி என்னும் கருவியை முன்னோர் செய்திருந்தனர். மணியின் வடிவில் அமைந்த பெருங்கலத்தைக் கவிழ்த்து நீரில் இறக்குவர். அதனுள் இருப்பவர் அங்குள்ள காற்றைச் சுவாசிப்பர்.

ஆயினும் அக்கருவியில் இரண்டு பெருங்குறைகள் இருந்தன. ஆழம் மிகுந்தோறும் நீரின் அழுத்தமும் மிகும். முப்பத்துமூன்று அடி ஆழத்தில் காற்று தன் அளவிற் பாதியாகச் சுருங்கும். நீர் மணிக்குள் ஏறி, இருப்பவரின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். மேலும், எஞ்சிய காற்றும் அவர்தம் மூச்சினால் விரைவிற் கெட்டுவிடும். எனவே, வேலை தொடங்கிச் சற்று நேரத்திற்கெல்லாம் மேலே வந்துவிட நேரும். சிறிது தாழ்ப்பினும் உயிருக்கே இறுதியாம். மணியை நீருள்ளேயே நிறுத்தி, அதற்குப் புதுக்காற்றை ஊட்டுவது எவ்வாறு? இதுவே ஹாலியின் முன் நின்ற வினா.

ஹாலி மரத்தால் ஒரு மணி செய்வித்தார். அதன் உயரம் எட்டு அடி. மேல்வாயின் குறுக்களவு மூன்று அடி. கீழ்வாயின் குறுக்களவு ஐந்து அடி. அது மிதவாமல் மூழ்குதற்பொருட்டு வெளிப்புறத்தை ஈயத் தகட்டால் போர்த்தார். ஒளி புகுதற்கு உச்சியில் தடித்த கண்ணாடி ஒன்றைப் பதித்தார். அதனருகே ஒரு திருகுகுழாய் இருந்தது; சூடேறிக் கெட்ட காற்று மேலே திரளுமாதலால், அதனை அவ்வழியே வெளியேற்றலாம். உட்புறத்தில் அமர்வதற்குப் பலகையும் அமைந்திருந்தது.

புதுக்காற்றைக் கொணர்தற்கு இரண்டு பீப்பாய்களை அவர் பயன்படுத்தினார். அவையும் ஈயம் போர்த்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் நீர் புகுதற்கு ஒரு துளை உண்டு. தலைப்பகுதியில் இணைத்த தோற்குழாயின் நுனி, பீப்பாயின் அடிக்கும் கீழாகத் தொங்கும். நுனி தாழ்ந்திருக்கும் வரையில் காற்று வெளியேற இயலாது. மணிக்குள் இருப்பவர் அந்நுனியை எட்டிப் பிடித்து மேலே உயர்த்தியவுடன், அடித்துளை வழியாக நீர் புகுந்து அழுத்த, பீப்பாயிலுள்ள காற்று முழுவதும் மணிக்குள் விரைந்து பாயும். கிணற்றில் ஒரு வாளி ஏற மறுவாளி இறங்குவது போல, ஒரு பீப்பாய் மேலே செல்ல மற்றொன்று கீழே வரும். இங்ஙனம் காற்று இடையறாது கிடைத்தது.

கருவியைச் செய்து பிறரை இறக்கிவிட்டுத் தாம் கரையில் நின்று காண ஹாலி விரும்பவில்லை. தாமே மணியில் அமர்ந்து கடலுக்குள் இறங்கினார். பன்னிரண்டு அடி இறங்கியதும் மணியை நிறுத்தச் செய்வார். மூன்று நான்கு பீப்பாய்க் காற்றைப் பெற்று, உட்புகுந்த நீரை வெளியே தள்ளுவார். பின்னரே மேலும் இறங்குவார். இறங்குங்கால் நீரின் அழுத்தத்தால் காதுகளில் கூரிய பொருளைச் செருகியது போன்ற நோவு தோன்றும். சிறிது பொறுத்தால் காற்று உட்காதிற் புகுந்து நோவு நீங்கும். நிதானமின்றி இறங்குவோர்க்கு இந்நோவே பகையாகும் என்பதை அவர் தம் உடம்பைக் கொண்டே அறிந்தார்.

ஒருமுறை ஹாலியும் வேறு நால்வரும் ஒன்பது பத்துப் பாக ஆழத்தில், அதாவது ஏறத்தாழ அறுபது அடிக்கடியில், ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் தங்கி, யாதொரு தீங்குமின்றி மீண்டனர். கடல் அமைதியாக இருந்த நாட்களில், மணிக்குள்ளே படிக்கவும் எழுதவும் போதிய ஒளி இருந்தது. கடல் கலங்கிய நாட்களிலோ, நள்ளிரவு போல் இருள் சூழ்ந்தது. அப்பொழுது மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டனர். அது ஓர் ஆள் உட்கொள்ளும் அளவு காற்றை உட்கொண்டது. ஈயத்தகட்டில் இரும்பு எழுத்தாணியாற் செய்தி பொறித்து, வெறும் பீப்பாயோடு மேலே அனுப்பினர்.

அங்கும் ஹாலியின் ஆராய்ச்சிக் கண் உறங்கவில்லை. மேலிருந்து வந்த ஒளி பட்ட தம் கையின் மேற்புறம் செந்நிறமாகத் தோன்றியதையும், கீழிருந்து திரும்பிய ஒளி பட்ட பகுதி பசுமையாகத் தோன்றியதையும் கண்டார். இதனை நியூட்டனிடம் தெரிவித்தார். நியூட்டன் 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில் இதனை எடுத்துக் காட்டினார். மணியை விட்டு வெளியே சென்று கடலடியில் நடப்பதற்கென, ஈயத்தால் ஆன தலைக்கவசம் ஒன்றையும் ஹாலி அமைத்தார். அதனுடன் நீண்ட குழாய் பொருத்தி, மணியிலுள்ள காற்று கவசத்திற்கு வருமாறு செய்தார். இச்செய்திகளைத் தொகுத்து 1716ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

அக்காலத்தவர் அறியாத பேரிடர் ஒன்றும் கடலாழத்தில் உண்டு. அழுத்தம் மிகுந்த இடத்தில் நெடுநேரம் இருப்பவரது குருதியில் நைட்ரசன் கரைகின்றது. அவர் விரைந்து மேலே வந்தால், அது சிறு குமிழிகளாகப் பிரிந்து உடலைத் தாக்கும். இவ்வுண்மையைப் பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878ஆம் ஆண்டில் விளக்கினார். பின்னர், 1943ஆம் ஆண்டில் கூஸ்தோ, காஞன் என்னும் இருவர், முதுகிற் சுமந்து செல்லும் காற்றுக்கலத்தைப் பிரான்சு நாட்டில் செம்மையாக உருவாக்கினர். இன்று, பயிற்சி தொடங்கிச் சின்னாளே ஆன இளைஞரும், விடுமுறை நாளொன்றில் கரையோரத்துப் பழங்கப்பல்களைச் சுற்றி நீந்திக் காண இயலுகின்றது. அவர்கள் முதலிற் கற்பன யாவை? மெல்ல இறங்குதல், காதின் நோவைத் தணித்தல், எஞ்சிய காற்றைக் கணக்கிடுதல், மெல்ல ஏறுதல் என்பனவே. இறங்குதலிலும் காற்றைப் பேணுதலிலும் வேண்டிய பொறுமையை ஹாலி அன்றே கைக்கொண்டிருந்தார்.

கடலின் மீது ஹாலி கொண்ட காதல் அத்துடன் முடியவில்லை. 1698 முதல் 1700 வரை பாரமூர் என்னும் சிறு கப்பலுக்குத் தலைவராகி, அட்லாண்டிக் பெருங்கடலில் உலவி, திசைகாட்டும் ஊசி இடத்திற்கிடம் எவ்வளவு விலகுகின்றது என்பதை அளந்து படம் வரைந்தார். 1705ஆம் ஆண்டில், 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய வால்மீன்கள் மூன்றல்ல, ஒன்றே என்று காட்டி, அது 1758ஆம் ஆண்டில் மீளும் என்று கணித்தார். 1720ஆம் ஆண்டில், தம் அறுபத்துமூன்றாம் வயதில், அரச வானியலறிஞர் பதவியை ஏற்று, பதினெட்டு ஆண்டுகள் தேவைப்படும் திங்களாராய்ச்சியைத் தொடங்கினார். அதனை முடித்தும் காட்டினார். 1742ஆம் ஆண்டு தம் எண்பத்தைந்தாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1758ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில், ஜெர்மனியில் பாலிட்ஷ் என்னும் உழவர் அவ்வால்மீனைக் கண்டார். கணக்கு பிழைக்கவில்லை. 1986ஆம் ஆண்டில் வந்து சென்ற அது, 2061ஆம் ஆண்டில் மீண்டும் வரும்.

தாம் காணமாட்டாத வால்மீனுக்காகக் கணக்கிட்டவரும், பிறர் அஞ்சிய ஆழத்தில் தாமே இறங்கிச் சோதித்தவரும் ஒருவரே. அறிவை நூலில் மட்டும் தேடாது, தம் உடலையும் உழைப்பையும் அதற்கு ஈடாக வைத்தார் ஹாலி. துணிவோடு நிதானமும், நிதானத்தோடு பொறுமையும் கூடினால் வானும் கடலும் மனிதர்க்குத் தம் மறைகளைத் திறந்து காட்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.