நாட்டை இழந்தார், துப்பாக்கியில் பெயர் வாங்கினார்: யார் இந்த மகாராஜா துலீப் சிங்?

ஒரே நாள், ஒரே ஆள், 1,000 தோட்டாக்கள். விழுந்தவை சுமார் 780 கௌதாரிகள்.

1876-ல் இங்கிலாந்தின் எல்வெடன் எஸ்டேட்டில் பதிவான இந்தக் கணக்கை, துப்பாக்கி விளையாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் இன்றும் குறிப்பிடாமல் விடுவதில்லை. இதைச் செய்தவர் ஆங்கிலேயப் பிரபு கிடையாது. லாகூரில் பிறந்தவர், சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங்.

கோஹினூர் வைரம் பற்றி பேச்சு வந்தால் இவர் பெயரும் கூடவே வரும். ஆனால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல் இருக்கும் பழைய துப்பாக்கிகளை விரும்புபவர்கள் மத்தியில் இவர் வேறொரு காரணத்துக்காகப் பிரபலம். அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு ராஜா ஏன் அதிலேயே வாழ்க்கையைக் கழித்தார்? அதே நூற்றாண்டில் நம்ம செங்கல்பட்டு பக்கம் என்ன நடந்தது? பார்க்கலாம்.

ஐந்து வயதில் அரியணை, பத்து வயதில் எல்லாம் காலி

துலீப் சிங் பிறந்தது 1838 செப்டம்பர் 6. பஞ்சாபை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த ரஞ்சித் சிங்கின் கடைசி மகன். அடுத்த ஆண்டே அப்பா இறந்துவிட, அரண்மனையில் கொலைகளும் சதிகளும் தொடர்ந்தன. வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, 1843-ல் ஐந்து வயதுக் குழந்தை அரியணை ஏறியது. ஆட்சியைக் கவனித்தவர் அம்மா ஜிந்த் கௌர்.

அடுத்து இரண்டு போர்கள். இரண்டிலும் ஜெயித்தது கிழக்கிந்திய கம்பெனி. நடுவில் அம்மாவை மகனிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டார்கள். 1849 மார்ச் 29-ம் தேதி பஞ்சாப் கம்பெனியின் கைக்குப் போனது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மகாராஜாவுக்கு வயது பத்து. நாடு போனது, கோஹினூர் போனது. பதிலுக்கு ஓய்வூதியம் தருவதாகச் சொன்னார்கள். கம்பெனி சொல்லும் இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சிறுவனை கங்கைக் கரையில் உள்ள ஃபதேகருக்கு அனுப்பினார்கள். வளர்த்தவர் டாக்டர் ஜான் லோகின் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1853-ல் துலீப் சிங் கிறிஸ்தவர் ஆனார். 1854-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

லண்டனின் செல்லப்பிள்ளை

விக்டோரியா ராணிக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போனது. அரண்மனை ஓவியர் விண்டர்ஹால்டரை வைத்து முழு உருவப் படம் வரையச் சொன்னார். வெட்டி மெருகேற்றிய கோஹினூரை ஒருநாள் துலீப் சிங்கிடம் காட்டினார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அவர் ராணியிடமே திருப்பிக் கொடுத்தார். வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம்.

அம்மாவை மறுபடி பார்த்தது 1861-ல், கல்கத்தாவில். பிரிந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஜிந்த் கௌருக்கு அப்போது பார்வை கிட்டத்தட்ட போய்விட்டது. மகனோடு இங்கிலாந்து வந்த அவர் 1863-ல் லண்டனில் காலமானார். அஸ்தியைக் கரைக்க 1864-ல் இந்தியா வந்த மகனை பஞ்சாபுக்குள் விடவில்லை. கோதாவரியில்தான் கரைக்க வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் எகிப்தில் பம்பா முல்லர் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

எல்வெடன்: 17,000 ஏக்கர் வேட்டைக்காடு

நாடு இல்லாத ராஜாவுக்கு பிரிட்டிஷ் மேல்தட்டில் மதிப்பு எப்படிக் கிடைக்கும்? அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நிலம் வாங்கு, பறவை வளர், பிரபுக்களை வேட்டைக்குக் கூப்பிடு.

1863-ல் சஃபோக் பகுதியில் சுமார் 17,000 ஏக்கர் எல்வெடன் எஸ்டேட் துலீப் சிங்கின் கைக்கு வந்தது. மாளிகையின் உள்பக்கத்தை லாகூர் அரண்மனை சாயலில் மாற்றினார். வெளியே கௌதாரி, ஃபெசன்ட், முயல் என்று எக்கச்சக்கமான வேட்டை உயிரினங்களைப் பெருக்கினார். வேல்ஸ் இளவரசரே இங்கே சுட வந்தார். கொஞ்ச காலத்திலேயே, நாட்டின் முன்வரிசைச் சுடுநர்களில் ஒருவர் என்ற பெயர் துலீப் சிங்குக்கு வந்தது. லண்டன் பர்டி கம்பெனியின் துப்பாக்கிகள் அவரிடம் இருந்தன. அன்றைக்கு அது உச்சபட்ச பிராண்ட்.

அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கு?

இங்கே ஒரு சின்ன டெக்னிக்கல் இடைவேளை.

ஷாட்கன் ஒற்றைக் குண்டு சுடும் ரைஃபிள் இல்லை. ஒரு தோட்டாவுக்குள் சில நூறு சின்னச் சின்ன ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை விரிந்துகொண்டே போகும். பறக்கும் இலக்குக்கு இதுதான் சரி. 12 போர் என்ற அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் அது. விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

துலீப் சிங்கின் தந்தை காலத்தில் மருந்தையும் ரவையையும் குழலின் வாய் வழியாகப் போட்டு கம்பியால் இடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடமாவது போகும். குழலை நடுவில் மடக்கி, பின்பக்கமாகத் தோட்டா செருகும் முறையை பிரான்சின் லெஃபோஷே கொண்டுவந்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயத் துப்பாக்கிக் கலைஞர்கள் விழித்துக்கொண்டார்கள். அதே கண்காட்சியில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்த இன்னொரு பொருள், பஞ்சாபிலிருந்து போன கோஹினூர்.

அதன் பிறகு முன்னேற்றம் மளமளவென்று வந்தது. 1863-ல் குழலை இறுக்கிப் பூட்டும் பர்டி போல்ட். 1870-களில் குழலின் வாயைக் கொஞ்சம் குறுக்கி ரவை சிதறாமல் அனுப்பும் சோக் முறை. 1875-ல் ஆன்சன், டீலி இருவரின் எளிமையான பாக்ஸ்லாக். 1880-ல் பூட்டை விடுவித்ததும் தானே திறந்துகொள்ளும் பீஸ்லி அமைப்பு. அதை பர்டி வாங்கிக்கொண்டது. சைடு பை சைடு இன்றைக்கு இருக்கும் வடிவத்துக்கு வந்தது கிட்டத்தட்ட இந்த 30 ஆண்டுகளில்தான். துலீப் சிங் துப்பாக்கி தூக்கிய காலமும் சரியாக அதுதான்.

இதன் பலம் மூன்று. முதலாவது, எடை. நல்ல 12 போர் சுமார் மூன்று கிலோதான் இருக்கும். தோளுக்குக் கொண்டுவர நொடி போதும். இரண்டாவது, இரண்டு ட்ரிக்கர். வலது குழல் ரவையைப் பரவலாக விடும், இடது குழல் இறுக்கமாக அனுப்பும். பறவை பக்கத்தில் வந்தால் முன் ட்ரிக்கர், தூரத்தில் போனால் பின் ட்ரிக்கர். எது வேண்டும் என்பதை விரல் அந்தக் கணத்திலேயே முடிவு செய்யும். மூன்றாவது, அளவு. தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, வாங்குபவரின் கை நீளம், கழுத்து, கன்னம், கண் பார்த்துக் கட்டையைச் செதுக்குவார்கள். அளவு சரியாக இருந்தால் குறி பார்க்கவே வேண்டாம். கண் பார்க்கும் இடத்துக்குத் துப்பாக்கி தானாகப் போகும்.

பெரிய வேட்டைகளில் ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகள் இருக்கும். ஒன்றில் சுடும்போது உதவியாளர் மற்றொன்றில் தோட்டா போட்டுத் தயாராக நிற்பார். ஒரு நாளைக்கு 1,000 தோட்டாக்கள் எப்படிச் சாத்தியம் என்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு பதில்.

அதே நூற்றாண்டு, நம்ம வேடந்தாங்கல்

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வரும். 780 பறவைகள்! அது விளையாட்டா?

இந்தக் கேள்வியை செங்கல்பட்டு விவசாயிகள் துலீப் சிங் பிறப்பதற்கு 40 ஆண்டுகள் முன்பே கேட்டுவிட்டார்கள். 1790-களின் இறுதியில் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊர்க்காரர்கள் நேராக கலெக்டர் லியோனல் பிளேஸிடம் போனார்கள். பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல் என்ற எழுத்துபூர்வ உத்தரவையும் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். அன்பு மட்டும் காரணமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் திருக்கழுக்குன்றம். மலைமேல் தினமும் உச்சிவேளையில் வந்து அர்ச்சகர் கையால் சோறு சாப்பிட்ட இரண்டு கழுகுகள்தான் ஊரின் அடையாளம். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

எல்வெடனில் பறவைகள் சுடுவதற்காக வளர்ந்தன. வேடந்தாங்கலில் ஊரே காவல் நின்றது. இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே பேரரசின் ஆட்சி.

கடன், கோபம், ஏடன்

எல்வெடனின் ஆடம்பரம் ஓய்வூதியத்துக்குள் அடங்கவில்லை. கடன் ஏறியது. கூடவே துலீப் சிங்குக்குள் வேறொரு கணக்கும் ஓட ஆரம்பித்தது. நாட்டை எடுத்தது சரி, குடும்பத்தின் தனிச் சொத்துகளை எதற்காக எடுத்தார்கள்? பத்து வயதுப் பையனின் கையெழுத்து எப்படிச் செல்லும்? இந்தியா ஆபீஸுக்கு மனு மேல் மனு போட்டார். வேலைக்கு ஆகவில்லை.

1886-ல் எல்வெடனை விட்டுவிட்டு குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பஞ்சாபுக்குப் போக அனுமதி இல்லை. சென்னை மாகாணத்தின் உதகமண்டலத்தில் தங்குவதுதான் திட்டம். அதுவும் நடக்கவில்லை. ஏடன் துறைமுகத்திலேயே அவரைத் தடுத்து இறக்கிவிட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் இங்கிலாந்து திரும்பினார்கள். துலீப் சிங் அங்கேயே மீண்டும் சீக்கிய மதத்துக்கு மாறினார்.

அடுத்து பாரிஸ், அங்கிருந்து ரஷ்யா. ஜார் மன்னரின் உதவியோடு பஞ்சாபை மீட்கலாம் என்று நம்பினார். ஆதரவு தந்த ரஷ்யப் பத்திரிகையாளர் கட்கோவ் 1887-ல் இறந்ததோடு அந்த நம்பிக்கையும் முடிந்தது. அதே ஆண்டு மனைவி பம்பாவும் இறந்தார். பிறகு பக்கவாதம் தாக்கியது. 1891-ல் பிரான்சில் விக்டோரியா ராணியைச் சந்தித்து மன்னிப்பு கேட்டார். 1893 அக்டோபர் 22 அன்று பாரிஸில் காலமானார். வயது 55.

உடலை எல்வெடன் தேவாலயத்தில், கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டே எஸ்டேட் கின்னஸ் மது நிறுவனக் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. துலீப் சிங்கின் பிள்ளைகளில் சோஃபியா, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டன் வீதிகளில் போராடியவர். மூத்த மகள் பம்பா 1957-ல் லாகூரில் இறந்ததோடு அந்த வம்சம் முடிந்தது.

இப்போது அந்தத் துப்பாக்கிகள் எங்கே?

விளையாட்டு முழுசாக மாறிவிட்டது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில்கூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். இன்று டிராப் போட்டியில் பறப்பது 110 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டு. பேர் மட்டும் இன்னும் களிமண் புறா. போட்டியாளர்கள் கையில் இருப்பதும் மேலும் கீழுமாகக் குழல் வைத்த ஓவர் அண்டர் வகை. எடை அதிகம், பின்னடி குறைவு, கண்ணுக்கு நேராக ஒரே குழல்தான் தெரியும். நூற்றுக்கணக்கான தட்டுகளைச் சீராக உடைக்க அதுவே வசதி. ஐந்து ஒலிம்பிக்ஸில் கலந்துகொண்ட பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கியதும் டிராப் பிரிவில்தான். நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சுட்டதும் இதே டிராப்.

அப்படியென்றால் பழைய சைடு பை சைடு யாருக்கு? பாயிண்டுக்காக இல்லாமல், கையில் பிடிக்கும் சுகத்துக்காகச் சுடுபவர்களுக்கு. இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1980-களிலிருந்து சாமானியர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. அதனால் தாத்தா காலத்து வெப்லி ஸ்காட், கிரீனர் போன்றவற்றுக்குத் தனி மவுசு.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இதைக் கவனியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வாரிசாக வந்தாலும் விதிவிலக்கு இல்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 1972 வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. குழலில் அலை அலையாகக் கோலம்போல வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் வகையாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்தது, கரிமருந்துக் காலத்துக்கானது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கையைப் பதம்பார்த்துவிடும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி நிபுணரிடம் காட்டாமல் எந்தப் பழைய துப்பாக்கியிலும் தோட்டா போடக் கூடாது.

துலீப் சிங்கின் கல்லறைக்கு இப்போதும் சீக்கியர்கள் வந்து போகிறார்கள். பக்கத்து ஊரான தெட்ஃபர்டில் 1999-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலை. பஞ்சாபை விட்டுப்போன பிறகு அவர் கால் வைக்க முடியாமலே போன லாகூரும், அவர் கடைசிவரை கேட்ட சொத்துக் கணக்கும் அப்படியே நின்றுவிட்டன. ஷாட்கன் வரலாற்றில் அந்த 780 மட்டும் எண்ணிக்கையாக இருக்கிறது.