கடற்கரைச் சிற்பி

மதுரை கோச்சடையில் அய்யனார் கோயில் ஒன்று உள்ளது. மதுரையைச் சூழ்ந்த சமவெளி ஊர்கள் பலவற்றில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது நெடுநாள் வழக்கம். ஊரார் கூடிப் பேசிப் பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுத்த பின்னரே குதிரை வேலை தொடங்கும். யார் செய்வது, எங்கே நிறுத்துவது என்பவற்றை எல்லாம் எழுதப்படாத நெறி ஒன்று முடிவு செய்துவிடுகிறது. பெருநகரத்தின் சாலையில் நிற்கும் சிலைக்குப் பிடிமண் கொடுப்பவர் யார்? ஆட்சியாளரா, மாநகராட்சியா, மக்களா? இக்கேள்வி சென்னையில் கூர்மையாக எழுந்த காலத்தில் அந்நகரில் வாழ்ந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இவர் 1899ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்தில் உள்ள இரங்பூர் மாவட்டத்தில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சிற்பக்கலையில் ஈடுபட்டார். மற்போர், வேட்டை, புல்லாங்குழல், வங்கமொழியில் கதை எழுதுதல் என இவருடைய ஆர்வங்கள் பலவாக விரிந்தன. மற்போரில் பழகிய உடலின் அறிவு இவருடைய வெண்கல உருவங்களில் தெரிகிறது எனச் சொல்வது மிகையன்று.

சென்னைக் கலை, கைத்தொழில் பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929இல் இவர் ஏற்றார். 1850இல் தொடங்கப்பட்ட அப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் இவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலிய கலைஞர்கள் இவரிடம் பயின்றவர்கள்.

இவர் சென்னைக்கு வருவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, மவுண்ட் சாலையில் நின்ற ஒரு சிலையை அகற்றக்கோரி அறப்போர் நடந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை இரக்கமின்றி அடக்கிய படைத்தளபதி நீல் என்பவரின் சிலை அது. அடக்கியவரின் உருவம் அடக்கப்பட்டவர்களின் வீதியில் நிறுத்தப்பட்டிருந்தது. மக்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. திருநெல்வேலி சோமயாஜுலு போராட்டத்தை வழிநடத்தினார். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறுவயது மகளுடன் அதில் பங்கேற்றுச் சிறை சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின், 1937இல் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவையின் காலத்தில்தான் அச்சிலை அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. உடைத்து எறியாமல் அருங்காட்சியகத்தில் வைத்தது நல்ல முடிவு என்றே தோன்றுகிறது. சாலையில் நிற்பது பெருமைப்படுத்துவதற்கு. அருங்காட்சியகத்தில் இருப்பது அறிந்துகொள்வதற்கு.

விடுதலைக்குப் பின் நகரங்களின் நாற்சந்திகளில் வேறு உருவங்கள் எழுந்தன. அவற்றுள் பலவற்றை வடித்தவர் ராய் சௌத்ரி. கொல்கத்தாவில் பார்க் தெரு முனையில் குதிரைமீது வீற்றிருந்த ஆங்கிலேயத் தளபதி அவுட்ராமின் சிலை அகற்றப்பட்டு, அவ்விடத்தில் இவர் வடித்த காந்தியடிகள் சிலை 1958இல் நிறுவப்பட்டது. குதிரைவீரர் இருந்த இடத்துக்குக் கைத்தடியுடன் நடந்து செல்லும் முதியவர் வந்தார். பிற்காலத்தில் சுரங்க இரயில் பணிக்காக அச்சிலையும் இடம்பெயர்ந்தது.

பாட்னாவில் உள்ள தியாகிகள் நினைவுச்சின்னத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1942 ஆகஸ்டு 11 அன்று தலைமைச் செயலகத்தில் கொடியேற்ற முயன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த எழுவரும் மாணவர்கள். உங்கள் வயதினரும் அவர்களுள் இருந்தனர். கொடியேந்தியவன் முன்னே செல்ல, சிலர் சாய்ந்துகொண்டிருக்க, எஞ்சியோர் முன்னேறும் கணத்தை ராய் சௌத்ரி வெண்கலத்தில் நிறுத்தினார். 1956இல் அது திறக்கப்பட்டது.

சென்னை மெரினாவில் 1959 சனவரி 25 அன்று திறக்கப்பட்டது உழைப்பாளர் சிலை. நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். தோள்கள் புடைத்திருக்கின்றன, கால்கள் மண்ணில் ஊன்றியிருக்கின்றன, பாறை இன்னும் பெயரவில்லை. கலைப்பள்ளியின் காவலரும் மாணவர் ஒருவருமே இவ்வுருவங்களுக்கு மாதிரியாக நின்றனர். அந்நால்வருள் அரசரோ ஆளுநரோ தலைவரோ எவரும் இல்லை. 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே நாள் கூட்டங்களை நடத்தியதும் சென்னைக் கடற்கரையில்தான். அவ்வகையில் இச்சிலை தன் இடத்திலேயே நிற்கிறது. இதே கடற்கரையில் உள்ள காந்தியடிகள் சிலையும் 1959இல் இவர் கைவண்ணத்தில் எழுந்ததே.

ஆயினும் பொது இடத்தில் எது நிற்கலாம் என்னும் வழக்கு முடிந்துவிடவில்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் மீண்டும் அங்கு வைக்கப்பட்டது. போக்குவரத்துக்கு இடையூறு எனத் தொடரப்பட்ட வழக்கின் விளைவாக நடிகர் சிவாஜி கணேசன் சிலை 2017இல் கடற்கரைச் சாலையிலிருந்து அடையாற்றில் உள்ள மணிமண்டபத்துக்கு மாறியது. பொதுச்சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க மாநில அரசுகள் இசைவளிக்கக் கூடாது என 2013இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இந்நெறி, சிலை எங்கே நிற்கக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. எதை வடிக்கலாம், யாரை வடிக்கலாம் என்பதை ஊரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

லலித் கலா அகாதெமியின் முதல் தலைவராக 1954இல் பொறுப்பேற்ற ராய் சௌத்ரிக்கு 1958இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1975இல் அவர் மறைந்தார். காந்தியடிகளின் பின்னே பத்துப் பேர் நடந்து செல்லும் அவருடைய சிற்பத்தொகுதி, அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின் தில்லிச் சாலையோரத்தில் நிறுவப்பட்டது.