தந்தையின் தொப்பி

பேஸ்போல் விளையாட்டின்மீது அமெரிக்க மக்கள் கொண்டுள்ள மோகம், கிரிக்கெட்டின்மீது நாம் கொண்டுள்ள மோகத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. அங்கே பெரிய லீக்குகளில் ஆடுவோர் சில நூற்றுவரே. அந்தச் சிகரத்தை நோக்கிச் சிறு நகரங்களின் சிறிய லீக்குகளில் ஆடிக்கொண்டிருப்போரோ மிகப் பலர். இரண்டாம் உலக யுத்தத்தில் படைச்சேவையின்போது மாண்ட ஆட்டக்காரருள் பெரிய லீக்குகளில் ஆடியிருந்தவர் இருவர் மாத்திரமே. சிறிய லீக்குகளைச் சேர்ந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் ஒருவர் பில்லி சவுத்வேர்த்.

தந்தைக்கும் மைந்தனுக்கும் பெயர் ஒன்றே. தந்தை சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் முகாமையாளர். 1942, 1944ஆம் ஆண்டுகளில் அவ்வணிக்கு உலகக் கிண்ணத்திற்கு நிகரான பெருவெற்றியை ஈட்டிக் கொடுத்தவர். 1917இல் பிறந்த மைந்தன் சிறிய லீக்குகளிலே படிப்படியாக உயர்ந்து, 1940இல் சிகரத்திற்கு ஒரு படி கீழேயிருந்த ரொறன்ரோ அணியில் ஆடினார். இன்னும் ஒரு படிதான். ஆனால் அவ்வாண்டின் இறுதியிலே, அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே, அவர் தாமாகவே விமானப்படையிற் சேர்ந்துவிட்டார்.

இங்கிலாந்தின் மோல்ஸ்வேர்த் தளத்திலிருந்து குண்டுவீச்சு விமானமோட்டியாக அவர் 25 முறை பகைவர் வானிற் பறந்தார். அந்நாளில் பட்டப்பகலிலே துணை விமானங்களின் காவலின்றி நெடுந்தூரம் பறக்க வேண்டியிருந்தது; 25 என்னும் எல்லையை உயிரோடு எட்டாதவர் பலர். அப்பயணங்களில் அவர் தலையிலே தந்தையின் கார்டினல்ஸ் அணித் தொப்பி இருந்தது. பெரிய லீக் மைதானத்தில் அவர் அணிய வாய்க்காத தொப்பி, ஐரோப்பாவின் மேகங்களுக்கு மேலே சென்றது!

பகைவரின் பீரங்கிக்குத் தப்பித் தாயகம் மீண்டவரை மரணம் தாயகத்திலேயே எதிர்கொண்டது. 1945 பெப்ரவரி 15ஆம் நாள், மேஜர் பதவியிலிருந்த அவர் நியூயோர்க்கின் மிச்சல் தளத்திலிருந்து பி–29 ரக விமானமொன்றைப் புளோரிடாவை நோக்கிச் செலுத்தினார். இயந்திரம் பழுதுற்றது. லாகார்டியா நிலையத்தில் இறங்க முயன்ற விமானம் பிளஷிங் குடாவில் வீழ்ந்தது. சிலர் உயிர் தப்பினர்; 27 வயதான விமானமோட்டி தப்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஏறத்தாழ ஆறு மாதங்கள் சென்றன. அக்காலத்தில் தந்தை தமது அணியை மைதானந்தோறும் அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. ஆட்ட அட்டவணை எவருடைய துயரத்திற்காகவும் நிற்பதில்லை. யுத்தம் முடிவுறும் தறுவாயில், ஒகஸ்ட் மாதத்திலேதான் நீர் மைந்தனின் உடலைத் திருப்பிக் கொடுத்தது. ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் அவரை அடக்கஞ் செய்தனர். மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து முதலிடம் பெற்றிருந்த கார்டினல்ஸ், அவ்வாண்டு தமது லீக்கில் இரண்டாம் இடத்தையே பெற்றது. 1969இல் காலமான தந்தையின் உடலும் கொலம்பஸ் நகரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.