மூன்றாம் முறை வென்றவர்

தேர்வு முடிவு வரும் நாளில் நம்மில் எத்தனை முகங்கள் வாடுகின்றன! சென்ற பருவத்தில் வேதியியல் தாளில் நான் தவறினேன். திண்டிவனத்துக்கு அருகே எங்கள் ஊரில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றெண்ணி, விழுப்புரம் நிலையத்தில் இரண்டு ரயில்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு அமர்ந்திருந்தேன். அன்று என்னைத் தேற்றியது ஒரு விஞ்ஞானியின் வரலாறு.

1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார்; அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் சேர்ந்து அவரை ஆராய்ச்சியின்பால் செலுத்திற்று.

பின்னர் அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். பாஸ்பரசை அளவிட ஃபிஸ்க் என்பாருடன் அவர் கண்ட முறை, இன்றும் இருவர் பெயராலும் வழங்குகிறது. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். 1945இல் அவர்தம் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது.

உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது ஒரு நொதி. ஃபோலிக் அமிலத்தையே ஒத்த அமினோப்டெரின் என்னும் பொருள் அந்நொதியில் சென்று ஒட்டிக்கொண்டால், புற்றணு டி.என்.ஏ. ஆக்க வழியின்றித் திணறும்; பெருக்கம் தடைப்படும். நல்ல அணுக்களையும் வாட்டுமாதலால் இத்தகைய மருந்தை அளவறிந்தே தருவர்.

சுப்பாராவ் குழுவினர் ஆக்கித் தந்த அமினோப்டெரினை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் 16 பேருக்கு அளித்தார். 10 பேருக்கு நோய் சில காலம் தணிந்தது. 1948 ஜூனில் அச்செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பாராவ் மறைந்தார், அகவை 53. நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை. ஆனால், அதே இனத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

மூன்றாவது ரயிலில் நான் ஊர் திரும்பினேன். அம்மா கடிந்துகொள்ளவில்லை, மறுபடி எழுத விடுவார்களா என்று மட்டுமே கேட்டார். விடுவார்கள், தோழர்களே! எழுதுவோம்.