வானலையில் ஒரு வீராங்கனை: கல்பனா சாவ்லா



கல்பனா சாவ்லா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் கல்லூரியில் யாரும் இருக்க முடியாது. துணிவும் சாகசமும் காட்டிய பெண்ணுக்குச் சுதந்திர தின விழாவில் தமிழக அரசு வழங்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் முறைப்படி பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அழைப்புக் குறி கேடி5ஈஎஸ்ஐ. இ.சி.இ. படிக்கிற நமக்கு இதைவிட நெருக்கமான சொந்தம் வேறென்ன வேண்டும்!

இன்றைய ஹரியானாவில் உள்ள கர்னால் என்ற ஊரில் 1962 மார்ச் 17 அன்று அவர் பிறந்தார். நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. கர்னாலும் நம்ம ஒரத்தநாடு மாதிரி நெல் விளையும் பூமிதான். நாடு பிரிந்தபோது இன்றைய பாகிஸ்தான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தது அவர் அப்பாவின் குடும்பம். கிடைத்த சிறு தொழில்களைச் செய்து, பிறகு டயர் தயாரிப்பில் காலூன்றினார் அப்பா. ஊரில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. தலைக்கு மேலே பறந்த அந்தச் சின்ன விமானங்கள்தான் கல்பனாவின் மனசில் விதை போட்டன.

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் எடுத்தார். பெண்ணுக்கு இது சரிப்படாது, வேறு பிரிவு எடு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1982-ல் பட்டம். பிறகு அமெரிக்கா. 1984-ல் டெக்சாஸில் முதுகலை, 1988-ல் கொலராடோவில் டாக்டர் பட்டம். அதே ஆண்டு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேலை. விமானத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணக்குப் போடுவதுதான் அவர் துறை. 1994 டிசம்பரில் விண்வெளி வீராங்கனையாகத் தேர்வானார்.

1997 நவம்பர் 19-ல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் முதல் பயணம். இங்கேதான் அவருக்குப் பெரிய சோதனை. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை இயந்திரக் கையால் வெளியே விடும் பொறுப்பு அவருடையது. விட்ட பிறகு அது சரியாக இயங்கவில்லை. கடைசியில் இரண்டு வீரர்கள் வெளியே போய்க் கையாலேயே பிடித்து வர வேண்டியதாயிற்று. பழி கல்பனா மேல் விழும் போல இருந்தது. ஐந்து மாதம் விசாரணை நடந்தது. மென்பொருள் இணைப்பிலும், ஓடத்துக்கும் தரைக்கும் வகுத்திருந்த நடைமுறைகளிலும்தான் கோளாறு என்று முடிவானது. அந்த ஐந்து மாதத்தை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலே நாம் ஒடிந்து போகிறோம். அவர் வேலையை விடவில்லை, அடுத்த பயணத்துக்குத் தயாரானார். அந்த இடைவெளியில்தான் ஹாம் பரீட்சையும் எழுதித் தேறினார்.

விண்வெளி வீரருக்கு ஹாம் லைசென்ஸ் எதற்கு? பொழுதுபோக்காகவும் கற்றுக்கொள்ளவும், காசு வாங்காமல் வானலையில் பேசிக்கொள்பவர்கள்தான் ஹாம்கள். 1983-ல் ஓவன் காரியட் என்ற வீரர் ஒரு கையடக்கக் கருவியையும், ஜன்னலில் பொருத்திய ஆண்டெனாவையும் வைத்து விண்ணிலிருந்து முதன்முதலாக ஹாம்களோடு பேசினார். ஜோர்டான் மன்னர் ஹுசேன்கூட அவரோடு பேசியவர்களில் ஒருவர். அப்போது காரியட் பறந்ததும் இதே கொலம்பியா ஓடம்தான்! 2000 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இங்கிருந்து கேள்வி கேட்க, வீரர்கள் அங்கிருந்து பதில் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் நம் நாட்டு சுபான்ஷு சுக்லாவும் இந்த வழியில் இந்திய மாணவர்களோடு பேசினார்.

அவ்வளவு உசரத்தில் இருக்கிறவங்களுக்கு நம்ம பேச்சு கேட்குமான்னு எங்க அம்மா கேட்டாங்க. நாற்று நடப் போகிற அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். நம்ம ஊரிலிருந்து சென்னை போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நடுவில் மலை கிடையாது, கட்டடம் கிடையாது. அதனால் ஐந்து வாட் சக்தியே போய்ச் சேரும். ஆனால் நிலையம் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் நம் வானத்தில் அதிகம் போனால் பத்து நிமிஷம்தான் நிற்கும். பட்டுக்கோட்டை ரோட்டில் ஆம்புலன்ஸ் கிட்டே வரும்போது சைரன் ஒரு சுருதி, தாண்டியதும் வேறு சுருதி இல்லையா? அதே டாப்ளர் விளைவால் 145.800 மெகாஹெர்ட்ஸ் அலையும் சுமார் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் ஏறி இறங்கும். தியரி பேப்பருக்காக மனப்பாடம் பண்ணினது இங்கே உயிரோடு வந்து நிற்கிறது!

2003 ஜனவரி 16-ல் கல்பனா மறுபடியும் கொலம்பியாவில் புறப்பட்டார். அது ஆராய்ச்சிப் பயணம். ஏழு பேர், சுமார் 80 பரிசோதனைகள். கல்பனாவோடு டேவிட் பிரவுன், லாரல் கிளார்க் என மூன்று பேர் ஹாம்கள். ஆனால் அந்தப் பயணத்தில் ஹாம் கருவி ஏற்றப்படவில்லை. புறப்பட்ட 82-வது வினாடியில் வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியிருந்தது. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க 16 நிமிஷம் இருக்கும்போது, அந்த ஓட்டை வழியாக அனல் புகுந்து டெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது. ஏழு பேரும் மறைந்தார்கள். சிதறிய பாகங்களைத் தேடும் பணியில் அந்தப் பகுதி ஹாம்களும் தங்கள் கருவிகளோடு இறங்கி உதவினார்கள். கேடி5ஈஎஸ்ஐ என்ற குறி விண்ணிலிருந்து ஒலிக்கவே இல்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அவர் பெயர் மேலேயே நின்றது. 2002-ல் நாம் ஏவிய மெட்சாட் வானிலைக் கோளுக்கு 2003 பிப்ரவரி 5 அன்று கல்பனா-1 என்று பெயர் சூட்டினார்கள். மழையைப் பார்த்து நாற்று விடுகிற நம் டெல்டாவின் மேல் திரண்ட மேகங்களையும் அது பல ஆண்டுகள் படம் பிடித்தது. 2005 மே 5-ல் ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற கோளை இஸ்ரோ ஏவியது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்தின் ஒரு பொறியியல் மாணவர். ஆமாம் நண்பர்களே, நம்ம மாதிரி ஒரு மாணவர்! அந்தக் கோள் 2014 வரை உழைத்தது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் சின்னப் பிள்ளை. தென்னையெல்லாம் சாய்ந்து, கரண்ட் போய், செல்போன் ஊமையாகிப் போன அந்த நாட்கள் உங்களுக்கும் மறந்திருக்காது. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அத்தை உயிரோடு இருக்காங்களான்னு தெரியாமல் அப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனார். டவரே இல்லாமல் பேட்டரியில் பேசக்கூடிய ஒரு கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆளும் ஊருக்கு ஒருவர் இருந்தால் எப்படியிருக்கும்! 12 வயது நிரம்பிய யாரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் இந்தப் பரீட்சையை எழுதலாம். முதல் படியான லைசென்ஸுக்கு மோர்ஸ் தட்டத் தெரிய வேண்டியதும் இல்லை.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். இந்த வருஷம் டிப்ளமோ முடிகிறது. கம்பெனி வேலைக்குப் போகலாமா, நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேரலாமா என்று வீட்டில் தினமும் பேச்சு. பொம்பளப் புள்ளைக்கு இது போதும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பணக் கஷ்டம் பொய்யில்லை, அப்பா அம்மா மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் கல்பனாவின் வாழ்க்கையைப் படித்தபின் ஒன்று தெளிவாகிவிட்டது. எந்த வழியில் போனாலும் படிப்பை நிறுத்தப் போவதில்லை. டாக்டர் பட்டம் பெற்று, இரண்டு பயணங்களில் 31 நாள் விண்ணில் இருந்தவரே, ஒரு மாணவி மாதிரி உட்கார்ந்து ரேடியோ பரீட்சை எழுதினாரே!

நண்பர்களே, நம் கல்லூரியில் ஒரு ஹாம் கிளப் தொடங்குவோம். இரும்பு அளவு டேப்பும் பிவிசி பைப்பும் இருந்தால் ஆண்டெனா தயார். அரை அலை நீளத்துக்கு ஒரு மீட்டர் போதும். ஜூனியர் தங்கைகள் தயங்காமல் முதல் வரிசையில் வந்து நில்லுங்கள். விண்ணிலிருந்து வருகிற குரலுக்கு ஒரு நாள் ஒரத்தநாட்டிலிருந்தும் பதில் போகட்டும்!

— மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவி, மூன்றாம் ஆண்டு