தம் உடலையே ஆராய்ந்தவர்

நியூசிலாந்தில் 1917ஆம் ஆண்டு பிறந்த ஆர்தர் லிடியார்டு, காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி. இளமையில் ஒருநாள் நண்பருடன் எட்டுக் கிலோமீட்டர் ஓடியதற்கே மூச்சிரைத்துத் தளர்ந்தார். முதுமையில் தம் உடல் என்னாகுமோ என அஞ்சினார். எவ்வளவு ஓடினால் உடல் வலுப்பெறும் என்பதைப் பல ஆண்டுகள் தம்மையே வருத்தி ஆராய்ந்தார். மாரத்தானில் தேசிய வெற்றியாளரும் ஆனார்.

பின்னர், அருகில் வாழ்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். 800 மீட்டர் மட்டுமே ஓடவேண்டிய பீட்டர் ஸ்நெல்லையும் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடச்செய்தார். ஏறத்தாழ மைசூருவிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திரும்பும் தொலைவு அது! பலரும் ஐயுற்றனர்.

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல் தங்கம் வென்றார். அன்றே, ரக்பி ஆட்டத்தில் காயமுற்று இடக்கை வலுவிழந்திருந்த மர்ரே ஹால்பர்க், 5000 மீட்டரில் தங்கம் வென்றார். அவரும் லிடியார்டின் மாணவரே.

2004ஆம் ஆண்டு, ஓட்டப் பயிற்சி குறித்து உரையாற்ற அமெரிக்கா சென்றிருந்தபோது, 87ஆம் வயதில் லிடியார்டு மறைந்தார்.